கோவேறு கழுதை இல்லாத நாவல்

திங்கள்சந்தையில் என் ஜெராக்ஸ் கடை.
நவம்பர் வந்தால் கூட்டம் வழியும்.
பென்ஷன்காரர்கள்
உயிரோடு இருக்கிறோம் என்று
எழுதிக் கொடுக்க வேண்டிய மாதம் அது.

மிஷின் சூடாகும்வரை சும்மா நிற்க மாட்டார்கள்.
அலமாரியிலிருந்து ஒரு பட்டாள நாவலை உருவுவார்கள்.
அட்டையில் பனிமலை, ஹெலிகாப்டர்,
நெற்றியில் ரத்தம் வழிய முறைக்கும் மேஜர்.
நாளுக்கு மூன்று ரூபாய் வாடகை,
பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இலவசம்.
நான் போட்ட சட்டம்.

ஹவில்தார் ஞானாபரணம்தான் ஆரம்பித்து வைத்தது.
பென்சிலை நாக்கில் தொட்டு
பதினேழாம் பக்கத்து ஓரத்தில் எழுதினார்:
"எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு முறை சுட்டுவிட்டான்.
இந்தத் துப்பாக்கி எப்போதடா காலியாகும்?"

அதற்குக் கீழே
சிக்னல்ஸ் வேலப்பன் நாயர், சிவப்பு மையில்:
"ஒயர்லெஸ் ஒருமுறைகூடக் கெடவில்லை.
எந்த ராஜ்ஜியத்து ஒயர்லெஸ் இது?"

குளச்சல் மிக்கேல்பிச்சை
இருபத்தோரு வருடம் லங்கரில் ரொட்டி சுட்டவர்.
அவர் எழுதவில்லை, கடைக்குள் நின்று கத்தினார்:
"நாலு நாளு மலையில நிக்கானுவ,
ஒருத்தனும் ஒண்ணும் திங்கல்ல.
வெளிக்கும் போகல்ல.
இவனுவ மனுசன்மாரா, பொம்மையா?"

தங்கையன் மட்டும்
வீட்டுக்குக் கொண்டுபோய் முழுசாக வாசித்தார்.
ரப்பர் பால் எடுத்த கையோடு வந்து
புத்தகத்தை மேசையில் வைத்தார்.
"எல்லாம் செரிதான் டே.
கோவேறு கழுத ஒண்ணகூடக் காணல்லியே.
அவ்வளவு வெடிச்சாமானையும்
மலைக்க மேல யாரு ஏத்தினா, மேஜரா?"

அவருக்குத் தந்த கழுதையின் குளம்பில்
நூற்று நாற்பத்தொன்று என்று சூடு போட்டிருந்ததாம்.
பெயர் இவர் வைத்தது: ரோசம்மா.
மாமியாருடைய பெயர்.
ஊருக்கு எழுதிய கடிதங்களில்
ரோசம்மா நலம் என்று எழுதுவாராம்.
வீட்டில் குழம்பியிருக்கிறார்கள்.

எனக்கோ அந்த நாவல் உயிர்.
ஒன்பது முறை வாசித்தவன்.
நாகர்கோவிலில் ஆள் எடுத்த அன்று
ஓட்டத்தில் ஜெயித்து, கண்ணில் ஜெயித்து,
நெஞ்சளவு டேப்புக்கு முன்னால் நின்றேன்.
மூச்சை இழு என்றார்கள்.
ஐந்து சென்டிமீட்டர் விரிய வேண்டும்.
மூன்றரைதான் வந்தது.
மீதி ஒன்றரையை
இத்தனை வருடமாக, பக்கம் பக்கமாக,
இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்:
"எல்லாமே தப்புன்னா எதுக்கு வாசிக்கிறீரு?"
ஞானாபரணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தப்பா இருக்கப்போய்தான் வாசிக்கேன்.
செரியா எழுதியிருந்தான்னா
ராத்திரி நீயா வந்து எனக்குக் காவல் இருப்ப?"
பிறகு ஆதார் நகல் இரண்டு கேட்டார்.
சில்லறை சரியாகக் கொடுத்தார்.

நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில்
ஒரு டிரைவர் சாகிறான்.
அரை வரி. பெயர்கூட இல்லை.
மேஜர் அடுத்த வண்டியில் ஏறிப் போய்விடுவார்.
ஒன்பது முறையும் நானும் கூடவே ஏறிப் போனவன்.
பத்தாவது முறைதான் பார்த்தேன்:
அந்த ஓரத்தில் யாரோ எதையோ எழுதி
அழித்திருக்கிறார்கள்.
மறுபடி எழுதி, மறுபடி அழித்து,
தாள் வெங்காயத் தோலாகியிருந்தது.

கடை சாத்திய பிறகு
கறுப்பைக் கூட்டி ஒரு நகல் எடுத்துப் பார்த்தேன்.
புகைபோல ஒரு கறை.
அதற்குள் ஒரு "ஸ்", அல்லது ஒரு ஏழு.
யாருடைய கையெழுத்து என்று
வரிசையில் நின்றவர்களிடம் நான் கேட்கவில்லை.
நகலைக் கிழித்தும் போடவில்லை.
மிஷினுக்கு அடியில் கிடக்கிறது.

நேற்று தங்கையன் வந்தார்,
இந்த வருடமும் உயிரோடு இருப்பதற்கான தாளுடன்.
கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்:
"ரெண்டாம் பாகம் வந்திட்டா?"
வந்துவிட்டது என்றேன்.
"அதுல கழுத உண்டுமா?"

உண்டு என்று சொல்லிவிட்டேன்.
பார்சலை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.